பன்னிரண்டு எழுதியவர் சரியா, ஒன்று எழுதியவர் சரியா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 71 வயது. பல வருடங்களாக பி.பி.யும் சர்க்கரையும் உண்டு. இரண்டு வருடமாக முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. ஒரே மருத்துவமனையில் பொது மருத்துவம், எலும்பு மூட்டு, சிறுநீர்ப் பாதை என மூன்று ஓ.பி.களில் மாறி மாறிக் காட்டுகிறார்கள். இன்றைய தேதியில் அப்பா விழுங்குவது பன்னிரண்டு வகை மாத்திரை. "டாக்டர்கள் கமிஷனுக்காக எழுதுகிறார்கள் என்று என் தம்பி சொல்கிறான். இணையத்தில் படித்துவிட்டு, ஒரு வாரமாக பி.பி.க்கான அம்லோடிபின், கொலஸ்ட்ரால் மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றையும் நானே நிறுத்திவிட்டேன். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. அப்போது நான் செய்தது சரிதானே? வலி மாத்திரையை மட்டும் அப்பா விடமாட்டேன் என்கிறார், அதைக் கொடுத்து வருகிறேன். இப்போது சரியாகத் தூங்காமல் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், கை வேறு நடுங்குகிறது. வயதாகிவிட்டது, என்ன செய்வது" என்று எழுதுகிறார்.

கடைசியில் இன்னொரு குறையும் சொல்கிறார். போன மாதம் அப்பாவுக்குச் சளி, தொண்டை வலி, லேசான காய்ச்சல் வந்தபோது ஓ.பி.யில் இருந்த இளம் மருத்துவர் வெறும் பாராசிட்டமால் எழுதி அனுப்பிவிட்டாராம். ஆன்டிபயாடிக் இல்லை, ஊசி இல்லை. "இவ்வளவு அலட்சியமாக இருக்கலாமா? வேறு டாக்டரிடம் மாற்றிவிடலாமா? கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கமிஷன், அலட்சியம் பற்றியெல்லாம் பிறகு பேசுவோம். அதற்கு முன் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது

தூக்கம் இல்லாமை, எரிச்சல், கை நடுக்கம் மூன்றையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் நிறுத்திய தூக்க மாத்திரை அல்ப்ரஸோலம். அப்பா ஐந்து மாதமாக அதைத் தினமும் எடுத்து வந்திருக்கிறார். இந்த வகை மருந்துக்கு உடம்பு பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் நீங்கள் எழுதியிருக்கும் இதே தொந்தரவுகள் வரும், சிலருக்கு வலிப்பே வரும். அவர் வயதுக்கு இந்த மாத்திரை நல்லதல்ல என்று நீங்கள் நினைத்தது சரி. ஆனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சிறிது சிறிதாக அளவைக் குறைத்துத்தான் விட வேண்டும். மறுபடி எந்த அளவில் தொடங்கி எப்படி இறக்குவது என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அவரை அழைத்துப் போங்கள். வலிப்பு, குழப்பமான பேச்சு, நெஞ்சு வலி, கறுப்பாக மலம், சிறுநீர் வெகுவாகக் குறைவது இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. வரிசையில் நிற்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்லோடிபினை நிறுத்திய இந்த ஒரு வாரத்தில் பி.பி. ஒரு தடவையாவது பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீக்கம் வடிந்தது கண்ணுக்குத் தெரிகிறது, பி.பி. ஏறுவது தெரியாது. இன்றே பார்த்து எழுதி வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் நிறுத்தாமல் கொடுத்து வரும் அந்த வலி மாத்திரை. டைக்ளோஃபினாக்கும், பி.பி.க்கான லோசார்டனும், சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூஸ்மைடும் ஒரே நேரத்தில் ஓர் உடம்பில் இருந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. சர்க்கரை உள்ள 71 வயதுக்காரருக்கு இன்னும் அதிகம். இன்று போகும்போது "அடுத்த வேளை வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று எப்படிப் பன்னிரண்டாகிறது

நீங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்ன காலக்கணக்கை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக். சில மாதங்களில் அதுவரை கட்டுக்குள் இருந்த பி.பி. ஏறுகிறது, அம்லோடிபின் ஐந்து மில்லிகிராமிலிருந்து பத்தாகிறது. அடுத்து கணுக்காலில் வீக்கம், அதற்கு ஃப்ரூஸ்மைடு. பிறகு இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார், சிறுநீர்ப் பாதை ஓ.பி.க்குப் போகிறீர்கள், அதைக் குறைக்க ஆக்ஸிபியூடினின் எழுதப்படுகிறது. அதன்பின் வாய் வறட்சி, மலச்சிக்கல், அதற்கு ஒரு மலமிளக்கி.

டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றக்கூடியவை. அம்லோடிபினின் அளவு கூடினால் கால் வீங்குவது மிகவும் அறியப்பட்ட பக்கவிளைவு. நுண்ணிய ரத்தக் குழாய்களின் அழுத்தம் மாறுவதால் வரும் வீக்கம் அது. உடம்பில் நீர் மிகுந்துபோனதால் வருவதல்ல என்பதால், சிறுநீரைக் கூட்டும் மாத்திரைக்கு அது அவ்வளவாக மசியாது. ஃப்ரூஸ்மைடு சிறுநீரைக் கூட்டத்தான் செய்யும், அதன் வேலையே அது. ஆக்ஸிபியூடினின் வாயையும் குடலையும் வறளச் செய்யும், முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தரும், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள பிராஸ்டேட் சுரப்பி பெரிதாகியிருந்தால் சிறுநீரையே அடைக்கும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக எடுத்துக்கொண்டு அதற்கு அடுத்த மருந்தை எழுதுவதை மருத்துவத்தில் மருந்துத் தொடர் என்கிறோம். 1990களிலிருந்தே பேசப்படுகிறது, இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் ஊகித்துச் சொல்கிறேன், நிரூபிக்கவில்லை. கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் எதுவும் காரணமாக இருக்கலாம். இரவில் சிறுநீர் போவதற்குச் சர்க்கரையோ பிராஸ்டேட்டோ காரணமாக இருக்கலாம். ஆனால் அம்லோடிபினை நிறுத்தியதும் வீக்கம் வடிந்தது என்கிறீர்களே, ஒரு மருத்துவருக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பயன்படும் வரி அது. நிறுத்திய விதம் ஆபத்தானது, கிடைத்த துப்பு நல்ல துப்பு. அதை மறைக்காமல் அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். பயந்துகொண்டு "எல்லா மாத்திரையும் ஒழுங்காகக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், அவர் அந்தப் பொய்க்கு மருந்து எழுதுவார்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தீர்கள். மூன்று டப்பாவில் காலை, மதியம், இரவு என்று மாத்திரைகளைச் சமமாகப் பிரித்து வைப்பதாகவும், சிறுநீர் மாத்திரை இரவு டப்பாவில் இருப்பதாகவும். சகோதரி, ஃப்ரூஸ்மைடை இரவில் கொடுத்தால் மனிதர் எப்படித் தூங்குவார்? பொதுவாகக் காலையில் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. இரவெல்லாம் எழுந்ததற்கும், அதற்காக ஒரு மாத்திரை வந்ததற்கும் இதுவே பெரும்பங்கு காரணமாக இருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. சீட்டில் ஒன்று என்று மட்டும் எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள், எந்த வேளை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1993இல் வெளியிட்ட அளவுகோல்களில், ஒரு நோயாளிக்கு எத்தனை மருந்து எழுதினார்கள், ஆன்டிபயாடிக் எத்தனை பேருக்கு, ஊசி எத்தனை பேருக்கு என்பவற்றோடு, மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வருபவருக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரிகிறதா என்பதும் ஒன்று. இதை மருத்துவமனையைச் சோதிக்கும் அளவுகோலாகத்தான் வைத்திருக்கிறார்கள். நோயாளியின் புத்திசாலித்தனத்துக்கு வைத்த பரீட்சை இல்லை.

கமிஷன் என்கிற சந்தேகம்

உங்கள் தம்பி சொல்வதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். மருந்துக் கம்பெனிகளின் விளம்பரம் மருத்துவர்களின் பேனாவைத் தொடத்தான் செய்கிறது. அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கம்பெனி வாங்கிக் கொடுத்த ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அந்தக் கம்பெனியின் மருந்து கூடுதலாக எழுதப்பட்டதற்கும் தொடர்பு தென்பட்டது. சாப்பாடுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், எங்களுக்கு அது சங்கடமான செய்திதான்.

ஆனால் உங்கள் அப்பாவின் பட்டியலில் அந்த வாடை எனக்கு அடிக்கவில்லை. பெரும்பாலும் பழைய, பல கம்பெனிகளும் தயாரிக்கிற மருந்துகள். இதை எழுதிக் கொழுத்தவர் யாரும் இருக்க மாட்டார். எனக்குத் தெரிவது வேறு. மூட்டு மருத்துவர் முட்டியைப் பார்த்தார், பொது மருத்துவர் பி.பி. எண்ணைப் பார்த்தார், மூன்றாமவர் சிறுநீரைப் பார்த்தார். பன்னிரண்டையும் ஒரு மேஜையில் வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. தூக்க மாத்திரை வார்டில் இருந்தபோது தொடங்கியது. வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு ஓ.பி.யிலும் "அதே மருந்து தொடரவும்" என்று ஒரே வரி. அந்த வரியை எழுத மூன்று வினாடி போதும். ஒரு மருந்தை நிறுத்த, ஏன் தொடங்கினார்கள் என்று தேடி, நோயாளிக்கு விளக்கி, திரும்ப வரச் சொல்லிப் பார்க்க வேண்டும். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் ஒரு நாட்டில் 48 வினாடி, இன்னொரு நாட்டில் இருபத்திரண்டரை நிமிடம். உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். இது எங்கள் தரப்புக்கு வக்காலத்து அல்ல. நேரம் குறைந்தால் மருந்து கூடும் என்பதை ஓ.பி.யில் உட்கார்ந்த யாரும் அறிவார்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இரண்டு வெவ்வேறு பெயர்களில் வயிற்று எரிச்சல் மாத்திரை இருக்கிறது. அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இரண்டிலும் பான்டோப்ரசோல்தான். ஒன்றை மூட்டு மருத்துவர் வலி மாத்திரைக்குத் துணையாக எழுதினார், இன்னொன்றைப் பொது மருத்துவர் எழுதினார். ஒரே மருந்து இரட்டிப்பாகப் போகிறது. இனி அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை வைத்திருங்கள். இதிலும் அவசரப்பட்டு இரண்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக் உள்ளே போகும்வரை வயிற்றுக்கு அந்தப் பாதுகாப்பு ஒன்று தேவை. நெடுநாள் எடுத்ததைச் சட்டென்று விட்டால் சிலருக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரியும்.

வைட்டமின் மாத்திரையை "காசைக் கரியாக்கும் மாத்திரை" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் நானும் அதையே சொல்வேன். உங்கள் அப்பா வருடக்கணக்கில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எடுப்பவர், பான்டோப்ரசோலும் எடுப்பவர். இரண்டுமே உடம்பில் பி12 சத்தைக் குறைக்கக்கூடியவை. ரத்தத்தில் பி12 பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான். ஒரு வாரம் விட்டதால் குடி முழுகிவிடவில்லை. ஆனால் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள இந்த வயதுக்காரருக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தள்ளிப்போடுவதில் நல்ல ஆதாரம் உள்ள மருந்துகளில் அது ஒன்று. அந்த மாத்திரையால் தசைவலி வரும் என்று இணையத்தில் படித்தீர்கள், சரி. உங்கள் அப்பாவுக்குத் தசைவலி இருக்கிறதா என்று அவரிடம் கேட்டீர்களா?

ஆக, எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1985இல் நைரோபியில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில் வகுத்த இலக்கணம் இன்றும் நிற்கிறது: நோய்க்கேற்ற மருந்து, அந்த ஆளுக்கேற்ற அளவு, தேவையான காலம், அவருக்கும் சமூகத்துக்கும் ஆகக் குறைந்த செலவு. அப்படிப் பார்த்தால் ஏழு மாத்திரை சரியாக இருக்கலாம், இரண்டே தவறாக இருக்கலாம். உலகில் எழுதப்படும், வழங்கப்படும், விற்கப்படும் மருந்துகளில் பாதிக்கும் மேல் பொருத்தமில்லாமல் போகின்றன என்று அதே நிறுவனம் 2002இல் மதிப்பிட்டது. வேண்டாததை எழுதுவது எவ்வளவு தவறோ, வேண்டியதை எழுதாமல் விடுவதும் அவ்வளவு தவறு.

பாராசிட்டமால் மட்டும் எழுதியவர்

பன்னிரண்டு எழுதினால் கமிஷன், ஒன்று எழுதினால் அலட்சியம். ஓ.பி.யில் இருப்பவரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! அந்த இளம் மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், மூச்சுத் திணறினாலோ மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலோ வரச் சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் அலட்சியம் எங்கே? சளிக்கும் பெரும்பாலான தொண்டை வலிக்கும் வைரஸ்தான் காரணம், ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரலாம், கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது கணிப்பு. ஊசியும் அப்படியே. வாயால் விழுங்க முடிகிறவருக்குச் சளிக்கு ஊசி எதற்கு?

நோயாளி ஆன்டிபயாடிக் எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் நினைத்துவிட்டாலே எழுதிவிடும் வாய்ப்புக் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நோயாளி உண்மையில் எதிர்பார்த்தாரா என்பதுகூட இரண்டாம் பட்சம். அடுத்த முறை "வேறு ஏதும் எழுதலையா டாக்டர்?" என்று முகம் சுளிக்காமல், "எத்தனை நாளில் சரியாகும், எது வந்தால் திரும்ப வரணும்?" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், அப்பாவின் பன்னிரண்டு மாத்திரைகளையும் உட்கார்ந்து பார்க்கச் சரியான ஆள் அந்த இளம் மருத்துவர்தானோ என்னவோ.

எங்கே, எப்படிக் கேட்பது

வேறு மருத்துவரிடம் மாற்றலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நான்காவது மருத்துவர் என்றால் நான்காவது சீட்டு. சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கும் பொது மருத்துவ ஓ.பி.யையே தலைமை இடமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இருவரும் எழுதுவது அங்கே வந்து சேரட்டும். மருத்துவமனையில் மருந்தாளுநரிடம் ஆலோசனை பெறும் வசதி இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள், இரட்டிப்பையும் மோதலையும் பிடிப்பதில் எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் நீங்களாக வாங்கியதும், நாட்டு மருந்தும், எப்போதாவது போடுவதும் உட்பட. ஒரு தாளில் பெயர், அளவு, எந்த வேளை, எழுதியது யார், எதற்கு, எப்போது ஆரம்பித்தது என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். "எதற்கு" என்ற கட்டத்தில் காலியாக நிற்பவைதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். "எப்போது" என்ற கட்டத்தை மட்டும் சிரமப்பட்டாவது பழைய சீட்டுகளைப் புரட்டி நிரப்புங்கள். எது எதற்குப் பின்னால் வந்தது என்பது அதில்தான் வெளிப்படும்.

கோபித்துக்கொள்வார்களா? சிலர் கோபித்துக்கொள்வார்கள், பொய் சொல்ல விரும்பவில்லை. "ஏன் இவ்வளவு எழுதுறீங்க?" என்று தொடங்கினால் நானே விறைத்துக்கொள்வேன். "டாக்டர், இதில் எதையாவது குறைக்க முடியுமா? இந்தக் கால் வீக்கம் மாத்திரையால் இருக்குமோ?" என்று கேட்டுப் பாருங்கள். தனக்கு என்ன மருந்து, எதற்காகத் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்வதும், எந்தக் கட்டத்திலும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமை என்று உலக மருத்துவர் சங்கத்தின் லிஸ்பன் பிரகடனம் சொல்கிறது; 1981இல் வெளியிட்டு 1995இல் விரிவாகத் திருத்தியது அது. மருத்துவர்களே சேர்ந்து சொன்னது. மருந்தின் மூலப்பெயரைப் புரியும் எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒரு விஷயம் உறுத்தியது. கடிதம் முழுக்க அப்பாவுக்குக் கொடுத்தேன், நிறுத்தினேன் என்றிருக்கிறது, அவர் என்ன நினைக்கிறார் என்பது ஒரே இடத்தில்தான் வருகிறது: வலி மாத்திரையை விடமாட்டேன் என்கிறார். அந்த வலி நிஜம். எல்லாம் தொடங்கியதும் அங்கேதான். அதற்கு வழி சொல்லாமல் மாத்திரையைப் பிடுங்கினால் உங்களுக்குத் தெரியாமல் வாங்கிப் போட்டுக்கொள்வார். பாராசிட்டமால், முட்டியில் தடவும் வலி ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி, எடை கூடியிருந்தால் குறைப்பது, கைத்தடி என்று வழிகள் இருக்கின்றன. தடவும் மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பேச்சில் அவரையும் உட்கார வையுங்கள், முடிவு அவருடையதும்தான்.

மருத்துவர் குறைக்கச் சம்மதித்தால் ஒரே நாளில் நாலைந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒன்று ஒன்றாகத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் எது நிறுத்தியதால் எது மாறியது என்று யாருக்கும் புரியாது. ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் எத்தனை நாளில் திரும்பக் காட்ட வேண்டும், அதுவரை வீட்டில் பி.பி.யையும் சர்க்கரையையும் எத்தனை முறை பார்க்க வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் உடனே வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.